மூச்சு மெஷின் போட்டு உறங்குகிறவர்களின் வாயும் பல்லும்: என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா எனக்கு உண்டு. ஏழு வருடமாக இரவில் மூக்கில் மாஸ்க் மாட்டி, சிபாப் மெஷினைப் போட்டுத்தான் உறங்குகிறேன். எங்கள் வீட்டில் அதற்கு மூச்சு மெஷின் என்று பெயர். பேரப்பிள்ளைகளுக்கு அது 'யானை'. குழாயைப் பார்த்து வைத்த பெயர். மெஷின் வந்த இரண்டாம் வருடம் என் கீழ்வரிசைப் பல் மூன்று ஒரே சமயத்தில் சொத்தையானது. அந்தக் கதை ஊரில் பரவிய பிறகு, புதிதாக மெஷின் வாங்குகிற யாரும் என்னைத் தேடி வராமல் இருப்பதில்லை. கல்யாண வீட்டில், கோயில் முற்றத்தில், சாயாக் கடையில் என்று எங்கே பார்த்தாலும் அதே கேள்விகள். ஆகவே எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவன் இல்லை. எனக்குப் பார்த்த மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் வாயிலேயே பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

சார், மெஷின் போட்டால் பல் கெட்டுப்போகும் என்கிறார்களே, நிசமா?

மெஷின் பல்லைத் தொடுவதே இல்லை. பல்லைக் கெடுப்பது உலர்ந்த வாய். மெஷின் போடுகிற எல்லாருக்கும் வாய் உலர்வதில்லை. வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறவர்களுக்கும், மாஸ்க் சரியாகப் பொருந்தாதவர்களுக்கும்தான் தொல்லை அதிகம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மெஷின் இல்லாத காலத்தில் நாம் என்ன செய்தோம்? வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டோம். அப்போதும் விடியும்போது நாக்கு மரக்கட்டையாகத்தான் இருந்தது. சிலருக்கு மெஷின் வந்த பிறகுதான் வாய் மூடி உறங்கவே வருகிறது.

அதனால் பல்லுக்குப் பயந்து மெஷினைக் கழற்றிப் பரணில் வைத்துவிடாதீர்கள். மூச்சு நிற்கிற ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. பல்லுக்கு வழி இருக்கிறது. இதயத்துக்கு வரும் கேட்டைச் சரிசெய்வது அவ்வளவு எளிது இல்லை.

நம்ம ஊரில் காற்றே ஈரம்தானே? அப்புறம் ஏன் வாய் உலர்கிறது?

நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, வருடத்தில் இரண்டு மழைக்காலம். துணியே உலராத ஊரில் வாய் எப்படி உலரும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நுரையீரலுக்குப் போகிற காற்று 37 டிகிரி சூட்டில், ஈரம் முழுதாக நிறைந்து போக வேண்டும். அப்படிப்பட்ட காற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். நம்ம ஊரில் புழுக்கமான ஒரு ராத்திரி, 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 22 மில்லிகிராம்தான் தேறும். பாதிதான். மீதியை மூக்கும் வாயும் தங்கள் ஈரத்திலிருந்து கொடுக்கின்றன.

சாதாரணமாக மூக்கு இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கும். உள்ளே போகும் காற்றுக்கு ஈரத்தைக் கொடுத்து, வெளியே வரும் காற்றிலிருந்து ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மெஷின் போட்டு வாயைத் திறந்துவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. மூக்கு வழியாக அழுத்தத்தோடு போகும் காற்று வாய் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். மூக்கு கொடுத்த ஈரம் திரும்புவதில்லை. மூக்கு உலர்ந்து வீங்கி அடைக்கும். அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். இரவு முழுக்க நாக்கின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டு உறங்கினால் இன்னும் மோசம், ஏசி அறையின் ஈரத்தையும் எடுத்துவிடும்.

எச்சில் கொஞ்சம் குறைந்தால் பல்லுக்கு என்ன வந்தது?

எச்சிலை நாம் மதிப்பதே இல்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. உறங்கும்போது அது ஏறக்குறைய நின்றுபோகும். மெஷின் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே இரவு என்பது ஏற்கெனவே பல்லுக்குக் காவல் குறைந்த நேரம். இருக்கிற கொஞ்ச எச்சிலையும் காற்று உலர்த்திவிட்டால் காவலே இல்லை.

நாம் தின்கிற சர்க்கரையை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. எச்சிலில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்படுத்தும். கால்சியமும் பாஸ்பேட்டும் பல் இழந்ததைத் திரும்பக் கொடுக்கும். அமிலத்தை அளக்கும் எண்ணுக்கு பிஎச் என்று பெயர், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயின் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேல் ஓடான எனாமல் கரையத் தொடங்குகிறது. ஈறு இறங்கி வேர் தெரிகிற பல்லுக்கு அதுவரைகூடப் போக வேண்டாம், 6-க்கு மேல் இருக்கும்போதே கரையும். வேரின் மேல் எனாமல் கிடையாது என்பதுதான் காரணம். ஸ்லீப் அப்னியாக்காரர்களில் பெரும்பாலோர் நடுவயது தாண்டியவர்கள், ஈறு இறங்கினவர்கள். ஆகவே நம்மவர்களுக்குச் சொத்தை பல்லின் தலையில் வருவதைவிட ஈறோரமாக, வேரில் வருவதுதான் அதிகம்.

உங்களுக்கு என்னதான் நடந்தது?

அந்த ஈறோரச் சொத்தைதான். கீழ்வரிசை முன்பற்களில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. சாயாக் கறை என்று விட்டுவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது, அதையும் வயது என்று விட்டுவிட்டேன். ஒரு பல் மருத்துவர் அடைத்துக் கொடுத்தார். எட்டு மாதத்தில் அடைப்பைச் சுற்றி மறுபடி சொத்தை. அடைத்தவர் ஒரு தடவைகூட இரவில் எப்படி உறங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, மூக்கில் மாட்டுகிற மெஷினுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்தவர் என் நாக்கை, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி வைத்த கரண்டியால் தொட்டுப் பார்த்தார். கரண்டி நாக்கில் ஒட்டிக்கொண்டது. "ராத்திரி வாய் திறந்து உறங்குவீர்களா?" என்றார். அங்கேதான் நூல் பிடிபட்டது. மூன்றில் ஒரு பல்லுக்கு ரூட் கனால், இரண்டுக்கு அடைப்பு. இன்றுவரை நிற்கிறது.

வாய் வழியாகக் காற்று போகிறதா என்று உறங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரியைக் கேளுங்கள். "புஸ்ஸென்று சீறுகிறது" என்பார்கள். விடியும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தால், உதடு வெடித்திருந்தால், மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) விழுங்கத் தண்ணீர் தேடினால் அதுவும் அடையாளம். தலையணை எச்சிலால் நனைந்திருந்தாலும் வாய் திறந்திருந்தது என்றுதான் அர்த்தம்.

மெஷினே சொல்லவும் செய்யும். திரையிலோ போன் ஆப்பிலோ 'லீக்' என்று ஒரு எண் காட்டும். ரெஸ்மெட் கம்பெனி மெஷின்களில் அது நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. மாஸ்க் ஓரத்தில் கசிவதும் அதில் சேரும், ஆகவே எண்ணை மட்டும் பார்த்து வாய் மேல் பழி போடக் கூடாது. மாஸ்க் ஓரத்தில் கசிந்தால் கண்ணில் காற்றடித்து, காலையில் கண் சிவந்திருக்கும்.

சரி, அதை எப்படி நிறுத்துவது?

மூக்கிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் மாஸ்க்கை மாற்ற ஓடுகிறார்கள். மூக்கு அடைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் உதவாது. அலர்ஜி, வளைந்த தண்டு, சதை வளர்ச்சி எதுவாக இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். படுக்கப்போகும் முன் உப்புக் கரைசல் ஸ்பிரே அடிப்பது எனக்கு நன்றாக ஒத்துவந்தது. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போடாதீர்கள், நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிடக் கூடும்.

அடுத்தது சூடாக்கும் ஹியூமிடிஃபையர். மெஷினோடு வரும் சின்னத் தண்ணீர்ப் பெட்டிதான். நிறையப் பேர் 'நம்ம ஊர்ச் சூட்டுக்கு எதுக்கு' என்று அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், எதற்கு என்று தெரியும். குழாயில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டிக் களகளவென்று சத்தம் வந்தால் ஒரு படி குறையுங்கள், அல்லது குழாய்க்கு ஒரு துணியுறை போடுங்கள்.

இவ்வளவும் செய்து வாய் மூடவில்லை என்றால், தாடையைத் தூக்கிப் பிடிக்கும் சின் ஸ்ட்ராப், அல்லது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க். ஸ்ட்ராப் தாடையை மேலே தூக்க வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது. பின்னால் போனால் நாக்கும் பின்னால் போய்த் தொண்டையை அடைக்கும். ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வாயைத் திறந்தாலும் அழுத்தத்தைக் காப்பாற்றும், ஆனால் வாய் திறந்தே இருப்பதால் உலர்வு முழுசாகப் போகாது. ஹியூமிடிஃபையர் அதற்கும் வேண்டும்.

அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தாலும் வாய் திறக்கும். மெஷின்கள் 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் வரை கொடுக்கும். உங்கள் எண்ணை உங்கள் மருத்துவர் மாற்றட்டும். மச்சினன் மெஷினில் இருக்கும் எண்ணைப் பார்த்து நீங்கள் மாற்றாதீர்கள்.

வாயில் டேப் ஒட்டி உறங்குகிறார்களாமே, வீடியோவில் பார்த்தேன்?

நானும் பார்த்தேன். மூக்கு அடைத்தாலும், வாந்தி வந்தாலும், நடுவில் கரண்டு போனாலும் என்ன செய்வீர்கள்? மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

ஹியூமிடிஃபையரில் எந்த வெள்ளம் ஊற்றணும்? கிணத்து வெள்ளம் போதுமா?

டிஸ்டில்டு வாட்டர், மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு ஆவியாகி மூச்சில் வராது, ஆனால் பெட்டியின் அடித்தட்டில் வெள்ளையாகப் படிந்து தட்டைக் கெடுக்கும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீர் வேண்டாம், அது மூச்சில் சேர்வதற்காகத் தயாரித்தது இல்லை. ஒரு ராத்திரி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றலாம். கிருமி போகும், உப்பு போகாது, காலையில் கழுவிவிடுங்கள்.

தினமும் மீதியைக் கொட்டி, கழுவி, கவிழ்த்து வையுங்கள். பெட்டியில் நீலகிரித் தைலம் விடுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். 'சளிக்கு நல்லது' என்றார். அழுத்தத்தோடு இரவு முழுக்க நுரையீரலுக்குள் தைல ஆவி போவது நல்லது இல்லை, பெட்டிக்கும் நல்லது இல்லை.

ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் குழாய் உள்ளே உலராது, பூஞ்சை பிடிக்கும். கழுவிய குழாயைக் கொடியில் தொங்கவிட்டு, அப்புறம் தண்ணீர்ப் பெட்டியைக் காலியாக வைத்து மெஷினைச் சற்று நேரம் ஓடவிடுங்கள், காற்றே உலர்த்திவிடும். மாஸ்க்கை மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

கரண்டு போனால் என்ன செய்வது?

இதைக் குமரிக்காரன் கேட்காமல் யார் கேட்பார்கள்? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்டு இல்லை. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் காற்று நின்றால் தானே திறக்கும் ஒரு வால்வு இருக்கும், மூச்சு முட்டாது. அது அழுக்கு அடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டரிலோ பேட்டரியிலோ ஓட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு. கரண்டைத் தின்பது மோட்டார் அல்ல, ஹியூமிடிஃபையரின் சூடு. அதை அணைத்தால் பேட்டரி நெடுநேரம் வரும். ஆனால் அன்றைக்கு வாய் உலரும். அந்த மாதிரி ராத்திரிகளில் படுக்கும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் செயற்கை எச்சில் ஜெல்லைக் கொஞ்சம் ஈறில் தடவிக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். வெறும் தண்ணீர்தான்.

தொண்டை உலர்கிறது என்று படுக்கும்போது தேன் நக்குகிறேன். மார்த்தாண்டத்துச் சுத்தமான தேன். அது நல்லதுதானே?

தேன் சுத்தம்தான், சந்தேகமே இல்லை. பல்லுக்கு அது சுத்தமான சர்க்கரை. எச்சில் இல்லாத வாயில், ஒட்டும் சர்க்கரையை வைத்து எட்டு மணி நேரம் காற்றடிக்கிறீர்கள். பல்லைக் கெடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கருப்பட்டிக் காப்பியும் பனங்கற்கண்டுப் பாலும் அப்படியே. 'வெள்ளைச் சீனிதான் கெடுதல், கருப்பட்டி மருந்து' என்று சொல்லியே வளர்ந்தோம். கருப்பட்டியில் இரும்பு இருக்கலாம், வாசம் இருக்கலாம். அதில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான், கிருமிக்கு வித்தியாசம் தெரியாது. அக்கானியும் (பதநீரும்) அதே. பலாப்பழத்தை வரட்டிச் செய்யும் சக்க வரட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பல்லிடுக்கில் போய்க் குடியேறிவிடும். ஓணத்துக்குப் பாயசம் குடிக்காதே, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து தின்னாதே என்று நான் சொல்லவில்லை. பகலில், சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். பகலில் எச்சில் இருக்கிறது, அரைமணி, முக்கால் மணியில் அது சமாளித்துவிடும். இரவு பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இது ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு.

புளியும் காரமும் தூக்கலான மீன் குழம்போடு இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை: நெஞ்செரிச்சல். வயிற்று அமிலம் வாய்வரை வந்தால் எனாமல் கரையும். அப்படிப் புளித்து வந்தால் தண்ணீரால் கொப்பளியுங்கள், உடனே பிரஷ் போடாதீர்கள். மெத்தென்று ஆன எனாமலைத் தேய்த்து எடுத்துவிடுவீர்கள். அரைமணி நேரம் போகட்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

நான் ரப்பர் வெட்டப் போகிறவன். ராத்திரி இரண்டரைக்கு எழும்பணும். நான் எப்போது பல் தேய்ப்பது?

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்வி. பொதுவாகச் சொல்கிற 'காலையும் இரவும்' இவர்களுக்குப் பொருந்தாது. காலை என்பதே இவர்களுக்கு நடுராத்திரி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சீனி போட்ட கட்டன் சாயா (பால் விடாத டீ) ஒரு கிளாஸ் அடித்துவிட்டுக் கிளம்புவார்கள். பல் தேய்ப்பது வெட்டு முடிந்து, ரப்பர்ப் பால் எடுத்து, வீடு வந்த பிறகு. அதாவது உலர்ந்த வாயில் இனிப்பு ஊற்றி ஆறேழு மணி நேரம்.

நான் சொல்வது இது: மாஸ்க் மாட்டுவதற்கு முன் ஒரு தடவை, எழும்பியதும் சாயாவுக்கு முன் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். முடியவில்லை என்றால் சாயாவில் சீனியை விடுங்கள். வெட்டு முடிந்து வந்து பகலில் உறங்குவீர்கள் அல்லவா, அந்த உறக்கத்துக்கும் மெஷின் வேண்டும். 'அது சும்மா கண்ணயர்வுதானே' என்று விட்டால் பாதி வைத்தியம் போய்விட்டது. பகல் உறக்கத்துக்கு முன்னும் வாய் கொப்பளியுங்கள்.

எந்தப் பேஸ்ட்? உமிக்கரி போதாதா? எண்ணெய் கொப்பளித்தால்?

ஃபுளோரைடு இருக்கும் பேஸ்ட். டியூபின் பின்னால் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். மூலிகைப் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது, படித்துப் பார்த்து வாங்குங்கள். தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டு அலசாதீர்கள். கொஞ்சம் ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். எச்சில் இரவு வருவதில்லை, அதன் வேலையில் ஒரு பங்கை ஃபுளோரைடு பார்க்கும். சொத்தை அடிக்கடி வருகிறவர்களுக்குப் பல் மருத்துவர் 5000 பிபிஎம் பேஸ்ட் எழுதிக் கொடுப்பதும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவதும் உண்டு. எனக்குப் பூசுகிறார்கள்.

உமிக்கரி என் அப்பா 80 வயதுவரை தேய்த்தார், பல் இருந்தது. ஆனால் அவர் வேர் தெரியாத பல்லில் தேய்த்தார், மெஷினும் இல்லை. ஈறு இறங்கிய பல்லில் உமிக்கரி, உப்பு, மணல் மாதிரி நறநறக்கும் எந்தப் பல்பொடியும் வேரைக் குழித்துவிடும். எண்ணெய் கொப்பளிக்க ஆசை என்றால் கொப்பளியுங்கள், பிரஷுக்குப் பதிலாக அல்ல.

மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள். குளோரெக்சிடின் என்ற கிருமிகொல்லி மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் போடாதீர்கள், பல் கறுக்கும், நாக்கில் ருசி மாறும்.

பல் கூசுகிறது. கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

நம்ம மாவட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, மாறாமலைத் தோட்டங்களில் விளைவது. அதில் உள்ள யூஜெனால் வலியை மரக்கவைக்கும் என்பதும் உண்மை. ஆனால் உலர்ந்த ஈறில் நேராகப் பட்டால் வெந்துவிடும். பஞ்சில் துளி தொட்டு, பல்லில் மட்டும், ஒரு ராத்திரியைக் கடத்த வைக்கலாம். வலி அடங்கியது என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவதுதான் கிராம்பு செய்கிற கெடுதல்.

உதடு வெடிக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா?

மாஸ்க்கின் சிலிக்கானை எண்ணெயும் வாஸலினும் நாளடைவில் கெடுத்துவிடும், மாஸ்க் வழுக்கிக் கசியவும் செய்யும். மெஷினோடு ஆக்சிஜனும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எண்ணெய்ப் பசையைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயைப் பகலில் தடவுங்கள்.

அம்மாவுக்குப் பல் செட். ராத்திரி கழற்றணுமா, வேண்டாமா?

பொதுவாகக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பதுதான் முறை. இரவும் பகலும் செட் போட்டு, வாயும் உலர்ந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சை வரும். ஆனால் செட்டைக் கழற்றினால் கன்னம் உள்ளே ஒட்டும், முகத்தின் உயரமே குறையும். செட்டோடு அளவெடுத்த மாஸ்க் அப்போது கசியும். கடைக்காரர் பகலில், செட் போட்ட முகத்துக்கு மாஸ்க் மாட்டிப் பார்த்து 'கச்சிதம்' என்பார். இரவு எப்படி உறங்குவார்களோ அந்த முகத்துக்குத்தான் மாஸ்க் பார்க்க வேண்டும். சிலருக்குச் செட்டோடு உறங்கினால் மூச்சு நன்றாக இருக்கும், சிலருக்கு நேர்மாறு. உறக்கப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாக்கு எரிகிறது, வெள்ளையாகப் படலம் இருக்கிறது.

வழித்தால் வருகிற வெள்ளைப் படலம் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. உலர்ந்த வாய், சர்க்கரை நோய், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து இவை சேர்ந்தால் சீக்கிரம் வரும். மருந்து உண்டு. இழுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பினாலே பாதி தவிர்க்கலாம்.

வழித்தாலும் வராத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் அது வேறு கதை. வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். பாக்கு வாய்த்தசையை இறுக்கி வாயைத் திறக்க முடியாமல் செய்யும், புற்றுநோய்க்கும் இட்டுச் செல்லும். 'மெஷினால் வந்த எரிச்சல்' என்று நினைத்து நாள் கடத்தக் கூடாத இடம் இது.

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, லீக் இல்லை. ஆனாலும் வாய் உலர்கிறதே?

மாத்திரை டப்பாவைக் கொண்டு வாருங்கள் என்பேன். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, அலர்ஜிக்கான செட்ரிசின், நரம்பு வலிக்கும் உறக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாமே வாயை உலர்த்தும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் உலர்த்தும். அம்லோடிபின் வேறு மாதிரி, சிலருக்கு அது ஈறை வளரவைக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் 'வாய் உலர்கிறது' என்று வாய் திறந்து சொல்லுங்கள், மாற்ற வழி இருந்தால் மாற்றுவார்.

மாஸ்க் அழுத்தி அழுத்திப் பல் உள்ளே போகுமா?

வருடக்கணக்கில் மூக்கு மாஸ்க் போட்டவர்களுக்கு மேல்வரிசை முன்பல் சிறிதளவு உள்ளே சாய்ந்திருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு இல்லை. ஆனால் வாரை இறுக்கி இறுக்கிக் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். மாஸ்க் கசிந்தால் இறுக்காதீர்கள், சைஸை மாற்றுங்கள்.

மெஷினே வேண்டாம், பல்லில் மாட்டும் கிளிப் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவி. லேசான, நடுத்தரமான ஸ்லீப் அப்னியாவுக்கும், மெஷின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உதவும். கடுமையானதற்கு மெஷின்தான் நம்பகம். அதைப் பிடித்து நிறுத்த நல்ல பற்கள் போதுமான அளவு வேண்டும். ஆடும் பல்லும் ஈறு நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும், வருடங்கள் போகப் போகக் கடிக்கும் விதமே மாறும். பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டிய பொருள். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை.

மாமா கல்ஃபில் இருந்து அவர் போட்ட மெஷினைக் கொடுத்துவிட்டார். அதைப் போடலாமா?

ஊரில் பாதி மெஷின் அப்படி வந்ததுதான். மாஸ்க், குழாய், ஃபில்டர், தண்ணீர்ப் பெட்டி நான்கையும் புதிதாக மாற்றுங்கள். இன்னொருவர் எச்சில் பட்ட மாஸ்க் வேண்டவே வேண்டாம். அழுத்தத்தை உங்களுக்கு ஏற்றபடி மருத்துவர் அமைக்கட்டும். பிலிப்ஸ் மெஷின் என்றால் இன்னொன்று: சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் சேரலாம் என்று 2021 ஜூனில் அந்த நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சீரியல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். கல்ஃப் பிளக் நம்ம சாக்கெட்டில் நுழையாது, நல்ல அடாப்டர் வாங்குங்கள்.

பல் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்? எங்கே போவது?

போனதும் முதல் வாக்கியமாக "ராத்திரி மெஷின் போட்டு உறங்குகிறேன், வாய் உலர்கிறது" என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் இருந்ததற்கு எட்டு மாதமும் ஒரு ரூட் கனாலும் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொத்தை வருகிற வாய் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போங்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், ஆனாலும் மேற்குப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் கால் இன்னும் திருவனந்தபுரத்துக்குத்தான் நடக்கும். எங்கே போனாலும் சரி, உறக்கப் பரிசோதனை அறிக்கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியை முழுசாகச் சாய்த்தால் நம்மில் சிலருக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சுத் திணறும். அரைச் சாய்வில் வைக்கச் சொல்லலாம், தப்பு இல்லை. மயக்க ஊசியோ உறக்க மருந்தோ கொடுத்துச் செய்கிற வேலை என்றால் மெஷினையும் கையோடு கொண்டுபோக வேண்டுமா என்று முன்னாலேயே கேளுங்கள். மேல் கடைவாய்ப் பல் எடுக்கும்போதும், இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கும்போதும் அவசியம் சொல்ல வேண்டும். அந்தப் பல்லின் வேருக்கு மேலேதான் சைனஸ் அறை. அங்கே ஓட்டை விழுந்திருந்தால் மெஷினின் அழுத்தக் காற்று புண்ணை ஆறவிடாது. எத்தனை நாள் மெஷினை நிறுத்துவது, அந்த நாட்களில் எப்படி உறங்குவது என்பதைப் பல் மருத்துவரும் உறக்க மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். எனக்கு அப்படி ஐந்து ராத்திரி சாய்வு நாற்காலியில் போனது. வீட்டுக்காரிக்கு ஐந்து ராத்திரியும் உறக்கமில்லை, பழைய குறட்டை திரும்பி வந்துவிட்டது.